ஓரத்தில் நின்ற குரல்

ஜனவரி 8, திங்கள்

வரட்டும். எனக்கென்ன.

தியேட்டர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அடுத்த மாதம் போடப்போகும் இத்தாலிய ஓபராவின் கதாநாயகன், ‘கஸ்பார் கொரைரா, டெனர், மிலான்’. மிலானாம்! தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் பிறந்தவன். அவனும் நானும் ஒரே நாளில் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தோம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடினோம். பலகையைப் பார்த்த கோரஸ்காரர் ஒருவர், இவர் போர்த்துக்கீசியரா என்று என்னைக் கேட்டார். எங்கள் பரதவர் குடும்பப் பெயர்களைப் பார்த்தால் இந்த ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் ஜெரோம் வாஸ் என்றுதான் பெயர். என் பெயருக்குப் பக்கத்தில் யாரும் மிலான் போடவில்லை.

ஓபராவில் கதாநாயகன் என்றால் டெனர்தான், ஆண்குரலில் உயரமான குரல். ஆனால் டெனர் எல்லாம் கதாநாயகன் இல்லை. பின்னால் கூட்டமாக நின்று படைவீரன், மீனவன், கல்யாண விருந்தாளி என்று வேஷம் மாற்றிப் பாடும் கோரஸிலும் டெனர் உண்டு. என் மனைவி டெல்பினுக்கு இந்த ஜெர்மன் ஊரில் நர்ஸ் வேலை கிடைத்தது, அவள் பின்னால் நான் வந்தேன், பதினான்கு வருஷமாக அந்தக் கூட்டத்தில் நிற்கிறேன். கூடவே மாற்று டெனர் என்று ஒரு பட்டம். கதாநாயகனுக்கு முடியாமல் போனால் நான் பாட வேண்டும். ஒவ்வொரு ஓபராவுக்கும் முழுப் பாத்திரத்தையும் மனப்பாடம் செய்து வைப்பேன். இதுவரை ஒரு கதாநாயகனுக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. கல்லுக்குண்டு மாதிரி வருவார்கள், பாடுவார்கள், போவார்கள்.

கஸ்பாருக்கும் நான்தான் மாற்று.

டெல்பினிடம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள், அவ்வளவு சந்தோஷம். ஊர் முறைக்கு அவன் அவளுக்கு அண்ணன். அண்ணன் ஹோட்டலில் தங்கக் கூடாதாம், நம் வீட்டில்தான் தங்க வேண்டுமாம். என்னைக் கேட்கவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். கழுத்தில் பட்டு மஃப்ளர். சோற்றைப் பிசையும்போதுகூட அவிழ்க்கவில்லை.

டெல்பின் நெத்திலிக் கருவாடு வறுத்தாள். தீர்ந்துபோய்விட்டது என்று கிறிஸ்துமஸிலிருந்து என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே கருவாடு. ஃப்ரீசரின் அடியிலிருந்து எப்படி முளைத்ததோ! அவன் பாதியை என் தட்டில் தள்ளினான். எனக்கு வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். தின்றுவிட்டேன்.

அதிகம் பேசவில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டினான். முன்பெல்லாம் வாயை மூடவே மாட்டான். பெரிய மனுஷனாகிவிட்டால் வார்த்தைக்கும் விலை வந்துவிடும் போல.

தமிழில் எழுதுவதால் இந்த டைரியை இத்தனை நாள் மேசைமேலேயே போட்டிருந்தேன். டெல்பின் அடுத்தவர் எழுதியதைத் தொடமாட்டாள். இனி அரிசி டப்பாவுக்குப் பின்னால்.

ஜனவரி 16, செவ்வாய்

முதல் ஒத்திகை. கதை இவ்வளவுதான். ஒரு கப்பல் தலைவன்மேல் துரோகி என்று பழி விழுகிறது. கடற்கரைக் கோட்டையில் அடைக்கிறார்கள். விடிந்தால் சுட்டுவிடுவார்கள். இரண்டாம் அங்கத்தில் கோட்டைச் சுவரைப் பார்த்து ஒரு பாட்டு, அதன் உச்சியில் ‘மேல் சி’. டெனரின் குரல் ஏறக்கூடிய கடைசிப் படி அது, சபையில் பாதிப்பேர் அந்த ஒரு சுரத்துக்காகத்தான் சீட்டு வாங்குவார்கள். முடிவில், காவலனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஒரே வரி பாடிவிட்டுச் சாகிறான். ‘சன்னலைத் திற, கடல் கேட்கட்டும்.’

கோரஸில் நான் சிறைக்காவலன். கையில் சாவிக்கொத்து.

கஸ்பார் மார்க் பண்ணினான். ஒத்திகையில் குரலைச் சேமிக்க வாய்க்குள் மெல்லப் பாடி, உச்சியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக்கொள்வதை எங்கள் தொழிலில் அப்படிச் சொல்வோம். பெரிய பாடகர்களுக்கு அது உரிமை. ஏன் என்று கேட்பது மரியாதையில்லை, யாரும் கேட்பதுமில்லை. ஆனால் முதல் நாளே, வெறும் பியானோவுக்கே மார்க் பண்ணுகிறவனை இன்றுதான் பார்க்கிறேன். இந்தச் சின்ன ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்திருப்பான். இசை நடத்துகிற ஃபால்க் அவனைப் பார்த்துப் புன்னகைத்தார். சாதாரணமாக எங்களை நாய் மாதிரி விரட்டுகிற மனுஷன், இவனிடம் தேனாகப் பேசுகிறார்.

நான் என் காவலன் வரிகளை முழுக்குரலில் பாடினேன். கொஞ்சம் அடக்கு என்று ஃபால்க் எனக்குச் சொன்னார்.

ஜனவரி 21, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்ததும் நர்ஸ்மார்கள் எல்லாரும் கஸ்பாரைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். ஒரு பெண் கேமராவை என் கையில் கொடுத்து எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அவன் தலையை வெட்டிவிட்டேன், தெரியாமல்தான்.

எங்களுக்குப் பதினொரு வயதில் கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்குத் தனிப்பாட்டு எனக்கென்றுதான் முடிவாகியிருந்தது. கடைசி ஒத்திகையில் அவன் சும்மா வாய்விட்டுப் பாடிப் பார்த்தான். பங்குச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பாட்டு கை மாறிவிட்டது. அவன் கேட்கவேயில்லை, அதுதான் ஆத்திரம். கேட்டு வாங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜனவரி 26, வெள்ளி

டெல்பின் ஒரு பேச்சுப் பேசுகிறாள். அண்ணன் தொண்டை சரியில்லையாம். காலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தானாம், சித்தரத்தையை ஓயாமல் வாயில் அடக்கிவைத்திருக்கிறானாம், பேசும்போது சொல்லின் வால் உடைகிறதாம்.

“நான் தினம் வார்டுல பாக்குதேங்க. இது சளி இல்ல.”

நான் சிரித்தேன். அவன் குரலைப் பற்றி எனக்குச் சொல்லித் தருகிறாளா? முப்பத்தைந்து வருஷமாகக் கேட்கிறேன். அதற்கு ஒன்றும் ஆகாது. ஆவி பிடிப்பதெல்லாம் டெனர்களின் ஆட்டம். நான் பிடித்தால் மட்டும் குளியலறைக் கண்ணாடி நனைந்துவிட்டது என்று திட்டுவாள்.

பிப்ரவரி 1, வியாழன்

கஸ்பார் உடை அளவு கொடுக்கப் போயிருந்தான். முழு வாத்தியக் குழுவும் உட்கார்ந்திருந்தது. நேரத்தை வீணாக்காமல் இரண்டாம் அங்கப் பாட்டை என்னைப் பாடச் சொன்னார் ஃபால்க்.

பாடினேன். மார்க் கீர்க் ஒன்றும் கிடையாது, முழுசாக. உச்சி வந்தது, நின்றது, நான் விடும்வரை நின்றது. வயலின்காரர்கள் வில்லால் இசைத்தாள் தாங்கியைத் தட்டினார்கள். எங்களுக்குள் அதுதான் கைதட்டல். பதினான்கு வருஷத்தில் எனக்கு முதல் தடவை.

பின்னால் இருட்டிலிருந்து இன்னொரு கைதட்டல். கஸ்பார் எப்போது வந்தானோ. கிட்டே வந்து, “நீ எப்பவும் அந்த நீட்டு வரிய ஒரே மூச்சுல இழுத்திருவல, எனக்கு அது வராது” என்றான்.

பிச்சை போடுகிறான். அவனுக்கு வராததாம்! வீட்டுக்கு வரும் வழி பூராவும் அதையே நினைத்து எரிந்தேன். ரொட்டி வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கடையிலிருந்து பால், தயிர், வெங்காயம் தூக்கிக்கொண்டு படியேறினேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கஸ்பார் சமையலறையில் தனியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டே அந்தக் கடைசி வரியைப் பாடிக்கொண்டிருந்தான். மார்க் இல்லை, முழுக்குரல். கீழே இருக்கிற நாலைந்து சுரங்கள்தான். குரலில் ஒரு கரகரப்பு, ஈரமணலில் கட்டுமரத்தை இழுக்கும் சத்தம் மாதிரி. திரும்பத் திரும்ப அதையே பாடினான். மேலே உள்ள எதையும் தொடவில்லை.

பை கையை அறுத்தது. ஆனாலும் அவன் முடிக்கும்வரை படியிலேயே நின்றேன். பிறகு உள்ளே போய், இவ்வளவு பொடியாக நறுக்கினால் கறியில் வெங்காயம் எங்கே தெரியும் என்று சத்தம் போட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

கோரஸ் அலமாரிச் சாவி தொலைந்தது. சிறைக்காவலன் நான்.

பிப்ரவரி 16, வெள்ளி

உடையோடு கடைசி ஒத்திகை. இன்றும் மார்க்! உச்சியில் வாயை மட்டும் திறந்தான். ஃபால்க் முகம் சுண்டிப்போயிற்று. ஒத்திகை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, நீ இவரைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவன், நாளை பாடிவிடுவாரா என்று கேட்டார்.

வாய்க்கு வந்த வாய்ப்பு. சந்தேகம்தான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவன் என்றைக்கும் இப்படித்தான், நாளைக்குப் பாருங்கள், கூரை பிய்ந்துவிடும், அவன் தவறியதே கிடையாது என்று அடித்துச் சொன்னேன். சொன்ன பிறகு என் வாயில் நானே குத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

நேற்று முதல் காட்சி. எழுத உட்காரவே இப்போதுதான் முடிந்தது.

திரை ஏறுமுன் அவன் அறைக்குப் போய் மூன்று தடவை தோளுக்குமேல் துப்புகிற பாவனை காட்டி வாழ்த்தினேன். அதற்குப் பதிலாக நன்றி சொல்லக் கூடாது. இந்தத் தொழிலில் அது ராசியில்லை, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கஸ்பார் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

முதல் அங்கம் நடுக்குரலிலேயே ஓடியது, தப்பித்தான். இடைவேளையில் ஃபால்க் கோரஸ் அறைக்கு ஓடிவந்தார். கொரைராவுக்குக் குரல் போய்விட்டது, நீ பாடு என்றார்.

பதினான்கு வருஷம் காத்திருந்த சொல். உடையைக் கொண்டுவந்தார்கள். அவன் சட்டைக்குள் என் தொப்பை போகவில்லை, பின்பக்கம் கத்தரிக்கோலால் கிழித்துப் பார்த்தும் போகவில்லை. நேரமும் இல்லை. இந்த ஊர் தியேட்டர்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. குரல் போனவன் மேடையில் நடித்து வாயசைப்பான். மாற்றுப் பாடகன் மேடை ஓரத்தில் ஒரு தாங்கியில் இசைத்தாளை வைத்துக்கொண்டு, சின்ன விளக்கொளியில் நின்று பாடுவான். சபைக்கு முன்னாலேயே அறிவித்துவிடுவார்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

ஆக, காவலன் பூட்ஸோடு ஓரத்தில் நான். நடுவில் வெளிச்சத்தில் அவன்.

பாடினேன். நான் மூச்சு இழுக்கும் இடத்திலெல்லாம் அவன் தோளும் ஏறியது, நான் விட்ட இடத்தில் இறங்கியது. ஒரு வரிகூடப் பிசகவில்லை. அந்த நீட்டு வரியை ஒரே மூச்சில் இழுத்தேன், அவனும் என்னோடு தாக்குப்பிடித்தான், கழுத்து நரம்பு புடைத்தது. உச்சி வந்தது. என் வாழ்க்கையின் மிக நல்ல மேல் சி. அதே கணத்தில் அவன் சுவரைப் பிடித்தபடி முழங்காலில் விழுந்தான். சபை எழுந்து நின்று தட்டியது. எல்லாக் கண்ணும் அவன்மேல். என் சுரத்துக்கு அவன் விழுந்தான், அவன் விழுந்ததற்கு அவர்கள் எழுந்தார்கள்.

டெல்பின் இரண்டாவது வரிசையில் என் பக்கமாகத்தான் இருந்தாள். மேடை வெளிச்சத்தில் முகம் நன்றாகத் தெரிந்தது. கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் டூட்டி, தெரியும். இருந்தாலும் புருஷன் ஒரு தடவை பாடும்போது தூங்குவாளா ஒருத்தி?

பிப்ரவரி 20, செவ்வாய்

பத்திரிகை வந்தது. கொரைராவின் நடிப்புக்கு அரைப் பக்கம். உடம்பே பாடியதாம், மௌனமே இசையாம். கடைசியில் ஒரு வரி: ‘ஓரத்திலிருந்து குரல் கொடுத்த கோரஸ் பாடகர் வாஸ் நம்பகமானவர்.’

நம்பகமானவர்! பழைய துணி துவைக்கும் மெஷினுக்குச் சொல்வது.

பத்திரிகையை அவன் கண்ணில் படாமல் மடித்து வைத்தேன். அவன் ஏற்கெனவே படித்துவிட்டான். வருத்தப்பட்ட முகத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். டெல்பின் வேலைக்குப் போயிருந்தாள். அப்போதுதான் சொன்னான்.

போன வருஷம் மிலானில் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஒரு கட்டி. கட்டி போய்விட்டது, மேல்பாதிக் குரலும் கூடவே போய்விட்டது. திரும்பிவரும் என்று டாக்டர் சொன்னதை நம்பி இந்த வேஷத்தை ஒப்புக்கொண்டான். ஒவ்வொரு ஒத்திகையிலும் இன்று வரும், நாளை வரும் என்று வாயைத் திறந்து பார்த்திருக்கிறான். நாங்கள் எல்லோரும் அதை மார்க் என்று மரியாதையாக நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறோம்.

“சனிக்கிழமை ஒரு சனியன் சளின்னுதான் ஃபால்க் நெனைக்கிறாரு. இன்னும் அஞ்சு காட்சி இருக்குல. அதுவரைக்கும் சொல்லாத. அப்புறம் நானே போயிருதேன். மேடையில நிக்கிறது இதோட சரி.”

சரி என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் விழுந்துவிட்டது, குடித்துவிட்டான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றுமில்லை. ஏமாற்றிவிட்டான் என்றுதான் கோபம் வந்தது. இத்தனை வருஷம் நான் வயிறெரிந்தது ஒரு குரலுக்காக. அதை எங்கேயோ ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து, என் வீட்டுச் சோபாவில் படுத்திருக்கிறான். இனி நான் யாரைப் பார்த்து எரிய?

பிப்ரவரி 24, சனி

இரண்டாம் காட்சி. நான் ஓரம், அவன் நடு. டெல்பின் தூங்கினாள்.

பிப்ரவரி 26, திங்கள்

ஃபால்க் கூப்பிட்டார். கொரைராவின் சளி எப்போது தீரும் என்று கேட்டார். தீராது என்று தெரிந்தால் எனக்கு அளவெடுத்து உடை தைத்து என்னையே மேடையில் நிறுத்திவிடலாம், ஓரத்தில் ஒருவன் பாடுவது சபைக்கு அலுத்துவிடும் என்றார்.

என் அளவுக்கு உடை! ஒரு சொல் போதும். ‘தீராது.’ அவ்வளவுதான். அந்த நேரம் அவருக்குப் போன் வந்தது. நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஃபால்க் வெளியூர்.

பிப்ரவரி 28, புதன்

ஃபால்க் வந்துவிட்டார். எனக்குப் பல் வலி.

மார்ச் 2, சனி

மூன்றாம் காட்சி. அவன் இன்னும் நன்றாக நடிக்கிறான். பாட வேண்டிய பயம் இல்லாதவன் நடிக்கலாம்தானே. உச்சியைப் பற்றிய கவலையெல்லாம் எனக்கு, வாயில் பனங்கற்கண்டு போட்டுக்கொள்வதும் நான், கைக்குட்டையில் கண்ணீர் துடைக்கும் கிழவிகள் எல்லாம் அவனுக்கு. காட்சி முடிந்ததும் ஒருத்தி அவனுக்குப் பூங்கொத்து கொடுத்தாள். அதில் ஒரு பூவை உருவி எனக்குக் கொடுத்தான். வாங்கினேன். டிராமில் விட்டுவிட்டு வந்தேன்.

திங்கள்கிழமை ஃபால்க்கிடம் சொல்லிவிடுவேன்.

மார்ச் 4, திங்கள்

சொல்லவில்லை. மழை.

மார்ச் 11, திங்கள்

ஃபால்க் நேராகவே கேட்டார். அவருக்குச் சளிதானா, வேறு ஏதாவதா? உனக்குத் தெரியும், உன் வீட்டில்தான் இருக்கிறார் என்றார்.

டெல்பின் நர்ஸ், அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், சளிதான், நாள்பட்ட சளி என்றேன். நோன்பிருக்கிற தவக்காலத்தில் பொய். அவனுக்காகச் சொல்லவில்லை. ஒருவன் நொண்டியாகிவிட்டான் என்று கோள் சொல்லி அவன் நாற்காலியில் உட்கார்ந்தால், அதையும் பிச்சை என்றுதானே சொல்வார்கள். அதனால்தான்.

மார்ச் 24, ஞாயிறு, குருத்தோலை

நேற்று கடைசிக் காட்சி. நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

முழுநாளும் எரிந்துகொண்டிருந்தேன். சபை நிரம்பி வழிந்தது, எல்லாம் மௌனத்தில் பாடுகிற அதிசய நடிகரைப் பார்க்க வந்த கூட்டம். இதோடு முடிந்தது, நாளைக்கு நான் மறுபடி கோரஸ். எனக்கென்று ஒரு ஆள் வரவில்லை. டெல்பின்கூட இரண்டாம் அங்கம் தொடங்கியதுமே கண்ணை மூடிவிட்டாள்.

உச்சியைப் பாடினேன், சரியாகவே வந்தது. கடைசிக் காட்சி. மேடை முழுக்க இருட்டு, கைதிமேல் மட்டும் மங்கலாக ஒரு வெளிச்சம், என் தாங்கியில் சின்ன விளக்கு. எனக்குப் பதிலாக நின்ற காவலனைப் பார்த்து அவன் நிமிர்ந்தான். நான் அந்த வரியை எடுக்க வேண்டும். மூச்சு இழுத்தேன். அவன் தோளும் ஏறியது.

விளக்கை அணைத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

பொறாமையில்தான் செய்தேன். இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். உன் வாய்க்குள் ஒன்றுமில்லை என்று இந்த ஊர் ஒரு தடவை கேட்கட்டும் என்றுதான் செய்தேன்.

வாத்தியங்கள் நின்றன. ஃபால்க் தலை நிமிர்ந்து என் பக்கம் இருட்டில் தேடினார். கஸ்பாரும் என் பக்கம் திரும்பினான். பிறகு அவனே பாடினான். ‘சன்னலைத் திற, கடல் கேட்கட்டும்.’ வெங்காயம் நறுக்கும்போது பாடிய அதே நாலைந்து சுரங்கள், அதே கரகரப்பு. ஃபால்க் கையைத் தாழ்த்தி வாத்தியங்களை அவனுக்குக் கீழே வைத்தார். கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. உடைந்ததை அவன் மறைக்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. பதினொரு வயதில் அந்தப் பெஞ்சில் கேட்டபோது நடுங்கிய அதே நடுக்கம். பாவி, மிச்சமிருக்கிற நாலு சுரத்திலேயே இப்படிச் செய்கிறான்!

திரை இறங்கியது. அப்புறம் தட்டினார்கள், நிறுத்தவே இல்லை.

அந்த மங்கல் வெளிச்சத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். அவன் முதல் சொல்லை எடுத்ததும் டெல்பின் சட்டென்று கண் விழித்தாள். என் ஆறு நாள் பாட்டுக்கும் தூக்கம். அவன் ஒரு வரிக்கு விழிப்பு.

மேடைக்குப் பின்னால் கஸ்பார் வந்து என்னைக் கட்டிக்கொண்டான். “எனக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம்னு உனக்கு எப்படில தெரியும்?” என்று கேட்டான். அழுதான். எனக்கு ஒன்றும் தெரியாது, விளக்கு ரிப்பேர் என்றேன்.

மார்ச் 25, திங்கள்

ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தேன். மஃப்ளரைச் சோபாவில் மறந்து வைத்துவிட்டான். பட்டு. டெல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மத்தியானம் சோபாவை மடித்துப் பழைய இடத்தில் போட்டேன். வீடு என்னவோ பெரிதாகத் தெரிகிறது.

மார்ச் 27, புதன்

பத்திரிகை. மூன்று தடவை படித்துவிட்டேன்.

‘ஆறு மாலைகளும் நம்பகமாகப் பாடிய ஓரத்துக் குரல், கடைசி வரியில் தன்னை மறந்தது. உடைந்து, மனிதக் குரலாகி, நம் நெஞ்சில் கைவைத்தது. இந்த ஜெரோம் வாஸ் பதினான்கு ஆண்டுகளாக எங்கே ஒளித்துவைக்கப்பட்டிருந்தார்?’

இருட்டில் யார் வாய் அசைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முழுக்க ஓரத்திலிருந்து வந்த பாட்டு, அந்த வரியும் அங்கிருந்துதான் வந்தது என்று எழுதிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து ஏங்கிய புகழ்ச்சி. என் பெயர், என் பதினான்கு வருஷம், எல்லாம் இருக்கிறது. பாடியவன் அவன்.

மாலையில் ஃபால்க் கூப்பிட்டார். இதே ஓபராவை அடுத்த பருவத்தில் மறுபடி போடப்போகிறார்களாம். கதாநாயகன் நான். தியேட்டர் தலைவி பத்திரிகையைப் படித்துவிட்டு முடிவு செய்துவிட்டாளாம். ஃபால்க்குக்கு உண்மை தெரியும், அவர் காது அவ்வளவு மோசமில்லை. இருந்தும் என் முகத்தைப் பார்த்து, ஆறு மாலையும் மேல் சி யார் பாடியது, அதற்கு யாரும் எழுதவில்லையே, அந்தக் கணக்கில் வைத்துக்கொள் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 1, திங்கள்

ஈஸ்டர் வாழ்த்து சொல்லுகிற சாக்கில் கஸ்பாருக்குப் போன் போட்டேன். பத்திரிகையைப் படித்துக் காட்டினேன், கதாநாயகன் வேஷம் வந்ததையும் சொன்னேன். மறுப்பு எழுதப்போகிறேன், அந்த வரி உன்னுடையது என்றேன். அவன் சிரித்தான், இருமல் வரும்வரை சிரித்தான்.

“பேசாம இருல. உன் சத்தத்த வச்சு நான் ஆறு நாள் நின்னேன். என் சத்தத்த வச்சு நீ ஒரு கையெழுத்துப் போடு.”

அவனுக்கு ஒரு நாடகக் குழுவில் பேசும் வேஷம் கிடைத்திருக்கிறதாம். நம் ஓபராவைப் பார்த்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாட்டு இல்லை, வெறும் பேச்சு. இனி அதிலும் பெரிய ஆளாகிவிடுவான், பார்த்துக்கொண்டே இருங்கள். விழுந்தாலும் மெத்தைமேல்தான் விழுவான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் வீட்டில் கடைசி வரியைப் பயிற்சி செய்தேன். சபை அதற்காகத்தானே வரும். கரகரப்பை வரவழைத்துப் பார்த்தேன், கடைசிச் சொல்லை உடைத்துப் பார்த்தேன். சமையலறையில் டெல்பின் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்.

“அது அண்ணன் பாடினது. நீங்க உங்க மாதிரி பாடுங்க.”

பாட்டை நிறுத்தினேன். அவளிடம் நான் சொல்லவில்லை, கஸ்பாரும் சொல்லவில்லை. பத்திரிகைக்கே தெரியாதது இவளுக்கு எப்படித் தெரியும்? தூங்கிக்கொண்டிருந்தவள்தானே என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். “யாரு தூங்குனா? கண்ணத் தொறந்தா நடுவுல அண்ணன் வாய்தான் அசையுது. நான் உங்களக் கேக்கத்தான வந்தேன்? அதான் ஆறு நாளும் மூடிட்டு இருந்தேன். கடசியில உங்க சத்தம் நின்னு அண்ணன் சத்தம் வந்துச்சு, உங்களுக்கு என்ன ஆச்சோன்னு பயந்து முழிச்சேன்.”

அடுப்பில் ஏதோ பொங்கியது. போய்விட்டாள். நான் இசைத்தாளைச் சரியாக வைத்தேன். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.